பூவில் குத்தகை

வக்காலத்தில் கைநாட்டு வேண்டாம்,
கையெழுத்தே போடுகிறேன் என்றாள் நாகவேணி.
மூன்று எழுத்து போட்டாள்.
நாலாவதில் பேனா நின்றது.
"பீஸ் எவ்வளவுன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதவில்லை.

கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்து,
ஜெராக்ஸ் கடை மாடியில் என் அறை.
கீழே மெஷின் ஓடினால்
மேலே மேஜை நடுங்கும்.

"கையில ஒண்ணும் இல்ல மேடம்.
காவேரிப்பட்டணத்துல தோப்பு பேசுற மாதிரி பேசிக்கலாம்.
தை மாசமே பூவுல குத்தகை.
காய்ச்சா உங்களுக்கு அஞ்சுல ஒண்ணு.
கல்மழை பெஞ்சா, பெஞ்சதுதான்."

அலமாரியில் பார் கவுன்சில் விதிகள்.
எண் இருபது:
முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசலாகாது,
வருவதில் பங்கு கேட்கலாகாது.
அஞ்சில் ஒன்று என்றால் நூற்றுக்கு இருபது.
இருபதாம் விதியை மீற
இருபதையே எடுத்துக் கொடுக்கிறாள்.
சிரிப்பு வந்தது. அவள் முன்னால் சிரிக்கவில்லை.

விதியும் சும்மா சொல்லவில்லை.
பூவில் பணம் போட்டவன்
காய்க்கு மருந்தடிப்பான்,
மரம் அடுத்த வருடம் நிற்குமா என்று பார்க்க மாட்டான்.
சரிதான்.
நான் முன்பணம் கேட்டிருந்தால்
அவள் படியிறங்கிப் போயிருப்பாள்.
அதுவும் சரிதான்.

தலையை மட்டும் ஆட்டினேன்.
நாலாவது எழுத்து விழுந்தது.

குருபரப்பள்ளிக்கு அந்தப் பக்கம்
விளக்கில்லாமல் நின்ற டேங்கர்.
பெங்களூரா காய் ஏற்றிய குட்டியானை.
ஓட்டியவன் திம்மராஜ்.
காய்கள் அரை கிலோமீட்டருக்கு உருண்டதாக
மகஜரில் இருக்கிறது.

நாலு வருடம்.

தீர்ப்பாயம் அவனைக் கணக்கில் வைத்தது:
மாதம் ஒன்பதாயிரம் என்று கொண்டு,
இருந்திருந்தால் கூடியிருக்கும் என நூற்றுக்கு நாற்பது கூட்டி,
தனக்கென்று செலவழித்திருப்பான் என
மூன்றில் ஒன்றைக் கழித்து
(பீடி, டீ, தீபாவளிச் சட்டை),
வயது முப்பத்து நான்கு, ஆகவே
பதினாறு வருடத்தால் பெருக்கி.

"பதினாறு முடிஞ்சா
இன்னொரு தரம் சாவாரா?"
என்று வராண்டாவில் கேட்டாள்.
இன்சூரன்ஸ் வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

அந்த நாலு வருடத்தில்
எனக்குக் கல்மழை மூன்று.
சூளகிரியில் ஒருவரை இடித்த லாரியின் நம்பரை
யாருமே பார்க்கவில்லை.
ஒரு சாட்சி ஓசூரில் வேலை கிடைத்துப் போய்
"மறந்துடுச்சுங்க" என்றான், போனில்.
இன்னொன்றைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.
பஸ், நகல், குமாஸ்தாவின் டீ,
எல்லாம் என் கைக்காசு.
நாகவேணியின் இருபதில்
அவர்களும் இருக்கிறார்கள்.
இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

பணம் நேராக அவள் கணக்குக்குப் போனது.
தராவிட்டால் நான் கேட்க முடியாது.
சட்டம் மறுத்த பேச்சுக்கு
எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

பதினோராம் நாள்
லண்டன்பேட்டை பாங்கிலிருந்து நடந்தே வந்தாள்.
கூழ் ஃபேக்டரி பையை மேஜைமேல் வைத்தாள்.
மூன்று லட்சத்து இருபத்திரண்டாயிரத்து
ஐந்நூற்று அறுபது.
பிள்ளைகளின் பங்கு
பதினெட்டு வயதுவரை பூட்டில் கிடக்கிறது.
பூட்டியதற்கும் சேர்த்தே பிரித்திருக்கிறாள்,
தன் பங்கிலிருந்து.
எரித்த செலவுக்கென்று தந்ததில் மட்டும்
எனக்குப் பங்கு வைக்கவில்லை.

எழுந்து போவாள் என்று பார்த்தேன்.
உட்கார்ந்தே இருந்தாள்.

"ரசீது குடுங்க மேடம்.
மிச்சத்த எங்க வெச்சேன்னு
கொழுந்தன் தெனமும் கேக்குறான்."

புத்தகத்தைப் பிரித்தேன்.
பெயர் எழுதினேன். தேதி எழுதினேன்.
தொகைக்கு முன்னால் ஒரு கோடு:
எதற்காக.

பங்கு என்று எழுதினால் என் கோட்டு போகும்.
கட்டணம் என்று எழுதினால்
கொழுந்தனே நம்ப மாட்டான்.
கீழே மெஷின் ஓடியது.
பேனா முனை காகிதத்தில் தொட்டுத் தொட்டு எழுந்தது.

அவள் அவசரப்படவில்லை.
காவேரிப்பட்டணத்துக்கு
பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்.