பின்னால் வரும் சொல்

தங்கச்சிமடம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க்கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், மனு.
தமிழில் பக்கம் முப்பது ரூபாய்,
இங்கிலீஷ் என்றால் ஐம்பது.

வடகடலுக்குப் போன கிளாட்வினின் வத்தை
திரும்பாத பன்னிரண்டாம் நாள்
மெல்சியா ஒரு தாளோடு வந்தாள்.
மண்டபத்திலிருந்து வந்தது. நாலாய் மடித்து,
வேர்வையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

லுக்கிங் இன்டு, என்றேன்.

லுக் அவளுக்குத் தெரியும்.
மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில்
இரண்டு கண் வரைந்து
கீழே எழுதியிருக்கும்.
"அப்ப பாத்துட்டாங்களா?"

இல்லை.
இன்டு சேர்ந்தால் விசாரிக்கிறார்கள்.
"இன்டுன்னா?"
உள்ளே.
"கடலுக்கு உள்ளயா?"

ஃபைலுக்கு உள்ளே என்று
எப்படிச் சொல்வது.
ஃபார் என்று ஒரு சொல் இருக்கிறது,
அது சேர்ந்தால்தான் தேடுகிறார்கள் என்று பொருள்,
தாளில் எங்கேயும் அது இல்லை என்று
எப்படிச் சொல்வது.
பிரிண்டரில் தாள் சிக்கியதுபோல்
கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன்.

லாஞ்சின் பின்னால் கயிற்றில் வரும் வத்தை மாதிரி
அவர்கள் மொழியில் அந்தச் சின்னச் சொல்.
பின்னால் வருவதுதான்
முன்னால் போவதைத் திருப்புகிறது.

நம்மிடம் மட்டும் என்ன.
மீன்துறை ஆபீஸில் 'பார்க்கலாம்' என்றால்
வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.
அதே 'பார்' தான்,
விடியுமுன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
"பிள்ளைகளப் பாத்துக்க" என்று
அவன் சொல்லிவிட்டுப் போனதிலும்.

"சரி, இன்னொரு மனு அடிங்க.
அவருதான் எங்களப் பாத்துக்குறாருன்னு போடுங்க."

அடித்தேன்.
ஹி லுக்டு ஆஃப்டர் அஸ்.

திரையில் அது நின்றது.
ஆஃப்டர் என்றால் பிறகு.
எதற்குப் பிறகு?
பார்த்தலுக்கும் பிறகுக்கும் நடுவில்
யார் இவர்களுக்குக் காவல் என்று பெயர் வைத்தது?

வெளியே கச்சான் காற்று
ஷட்டரை உலுக்கிக்கொண்டிருந்தது.
அவள் தாளைப் பார்க்கவில்லை,
என் விரலைப் பார்த்தாள்.

பின்னோக்கிப் போய்
லுக்டில் இ, டி இரண்டையும் அழித்தேன்.
எஸ் ஒன்று தட்டினேன்.

"என்ன அழிச்சீங்க?"

ஸ்பெல்லிங், என்றேன்.

ஐம்பதை நீட்டினாள்.
முப்பது எடுத்துக்கொண்டேன்.