புதன்கிழமை மறுபடி

பர்க்காவில் ராத்திரி பதினோரு மணிக்கும்
சுவர் சூடு ஆறுவதில்லை.
டார்ச்சோடு கூட்டுக்குள் குனிகிறேன்.
பகலில் தேடினால் கிடைக்காது செள்ளு.
பேரீச்சமட்டைப் பிளவுகளிலிருந்து
இப்போதுதான் சாப்பிடக் கிளம்பி வருகிறது.
வெள்ளைத்துணியை அழுத்தி எடுத்தால்
கோழியின் ரத்தம்.

முட்டை ஏன் குறைந்தது என்று
கஃபீல் கேட்டார்.
மறுநாளே பொடிக்குக் காசும் வந்தது.

இறக்கைக்கு அடியில், வாலுக்கு அடியில்
விரலால் தேய்த்துவிட்டேன்.
கொண்டை வெளுத்த பெட்டை மட்டும்
கொத்தவில்லை, அதற்குத் தெம்பில்லை.

மட்டைகளை எரித்தாயிற்று.
உட்கார வேறேதாவது வேண்டும்,
பிளவில்லாததாய்.

ஷொஹிதுல் போனபின்
அவன் கட்டிலில் யாரும் படுப்பதில்லை.
இரண்டு குழாய் கழற்றினேன்.
மூட்டு ஓட்டைகளில் சோப்பைத் திணித்து அடைத்தேன்.
அங்கேதான் இருந்தன அவனுடைய மூட்டைப்பூச்சிகள்.
இரண்டு வருஷம் சொறிந்தான்.
பொடி வேண்டுமென்று யாரிடமும்
நானும் கேட்டதில்லை.

செள்ளின் முட்டை
ஒரு மருந்துக்குச் சாகாது,
புதன்கிழமை மறுபடி தூவ வேண்டும்.

பதினோரு கோழியும் இப்போது
அவன் கால்மாட்டுக் குழாயில்
நெருக்கியடித்துத் தூங்குகின்றன.
வெளுத்த கொண்டைக்காரி மட்டும்
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுக்
கால் மாற்றி அமர்கிறாள்.