சில்லறைச் செலவு

செங்கல் முகப்பில் மூன்று வாசல்.
யாரும் தடுமாறாதபடி கல்லிலேயே செதுக்கியிருக்கிறது:
ஆண்கள் முதல் வகுப்பு. ஆண்கள் இரண்டாம் வகுப்பு.
பெண்கள்.
தண்ணீருக்கு ஒரே குழாய்தான்.

ஞாயிறு இரவு குளத்தை நிரப்புவார்கள்.
திங்களன்று கனவான்கள், ஆறு பென்னிக்கு,
தரை ஓட்டின் நீலம் தெரியத் தெரிய.
புதனன்று நூற்பாலை ஆட்கள், இரண்டு பென்னிக்கு.
வெள்ளி பிற்பகல், ஒரு பென்னிக்கு,
ஊரே கரைந்திருக்கும் கஞ்சியில்
பெண்கள்.
ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான் எல்லோரும்.
ஊறிய வரிசைதான் வேறு.

மாடியில் பதினெட்டுத் தொட்டி அறைகள்.
திருகு வெளியே; சாவி கெசையா ஆக்டனின் இடுப்பில்.
உள்ளிருந்து கத்த வேண்டும்:
"ஏழுக்கு வெந்நீர்!"
"பன்னிரண்டு வேகுதம்மா, பச்சைத்தண்ணி விடு!"
ஒரு முதுகையும் அவள் பார்த்ததில்லை.
குரலே போதும்,
யார்மேல் கரித்தூள், யார்மேல் சாயம்,
யார் அழுவதற்காகவே
இன்னும் கொஞ்சம் வெந்நீர் கேட்கிறார்கள் என்று சொல்ல.

பிறகு குளிர்காலங்களில் குளத்தின்மேல் பலகை பரப்பி ஆடினார்கள்.
போர் வந்தது; அதே பலகைமேல் கட்டில்கள்.
வீடுதோறும் குளியலறை வந்ததும்
நகராட்சி இதைத் தலைமுழுகியது.

கூரைக் கண்ணாடியை அளக்க வந்தவன் நான்.
கொதிகலனுக்குப் பின்னால் கிடைத்தது பதிவேடு,
கண்காணிப்பாளர் ஈனோக் பிளட்விக்கின் சாய்ந்த கையெழுத்தில்.

1887 மார்ச், ஒரு திங்கள்:
"முதல் வகுப்புக் குளத்தில் தலைமயிர் ஒன்று.
நீளம் இருபத்தாறு அங்குலம். செம்பட்டை.
திரு. த்வெய்ட் புகார். விளக்கம் இல்லை."
அடுத்த திங்கள்:
"மீண்டும்."
அதற்கடுத்த திங்கள் மயிரைப் பற்றிப் பேச்சே இல்லை.
சில்லறைச் செலவில் ஒரே ஒரு வரி:
"மெழுகுத்துணித் தொப்பி, பெண்கள் அளவு. நான்கு பென்னி."

ஊழியர் புகைப்படம் ஒன்றும் இருக்கிறது.
இடது கோடியில் இறுகக் கொண்டை போட்டவள் அவளாக இருக்கலாம்.
கறுப்பு வெள்ளையில் செம்பட்டை தெரியாது.

எனவே இது என் கணக்கு மட்டும்:
ஞாயிறு இரவு, எரிவாயு விளக்கைத் தணித்துவிட்டு
சாவியைப் படியில் கழற்றி வைக்கிறாள்.
எந்த எண்ணிலிருந்தும் குரல் இல்லை.
ஓட்டின் நீலம் முழுக்கத் தெரிகிறது.
அலுவலறையில் ஒருவர்
விடிய விடிய ஏட்டைவிட்டுத் தலைநிமிராமல் இருக்கிறார்.

காலையில் வந்தார்கள் கனவான்கள்,
கல்லில் செதுக்கிய முதல் வாசல் வழியே,
இரண்டாவதாக.