தண்ணீர் பில்லின் பின்பக்கம்

நகராட்சி அனுப்பிய பில்லின் பின்பக்கம்
வெறுமையாய் இருந்தது. அதில் எழுதுகிறேன்.
சாட்ஸ்வொர்த் முழுக்கக் கரண்ட் இல்லை.
வர இரண்டு மணி நேரம் ஆகும்.
மெழுகுவத்தி அதுவரை நிற்கும்.

ஒன்று: மூச்சு போக நினைத்தால் போகட்டும்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடத்தி
குழாய் குழாயாய்ச் செருகி
அதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம்.
முப்பத்தோரு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்,
நூல் தீர்ந்தபின்னும் ஊசி ஓடினால்
துணியில் ஓட்டைதான் விழும்.

இரண்டு: பாலிசி புத்தகம் அரிசி டின்னுக்கு அடியில்.
மாதம் நூற்றெண்பது ராண்ட், ஒரு மாதமும் தவறவில்லை.
பெட்டி உண்டு, வண்டி உண்டு, நாற்பது நாற்காலி உண்டு.
பித்தளைப் பூவுக்குத் தனிக்காசு கேட்பார்கள்.
எரியப்போகும் பெட்டிக்குப் பூ எதற்கு?

மூன்று என்று போட்டுவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அருணாசலம் கிடந்த அன்று
வாசலில் ஒரே டென்ட், இரண்டு மைக்.
நெவிலின் சர்ச்சிலிருந்து கிட்டாரோடு வந்தார்கள்.
சரோஷினி பதிகம் பாட ஆள் கூட்டி வந்திருந்தாள்.
இந்தப் பக்கம் அல்லேலூயா, அந்தப் பக்கம் ஊதுபத்தி.
நெய்ப்பந்தம் பிடிக்கக் குளித்துவிட்டு வந்த பேரன்
ஈரத்தோடு நடுவில் நடுங்கினான்.
எரிகூடத்தில் குறித்த நேரம் பதினொன்றரை.
பன்னிரண்டாகியும் வண்டி தெருவைத் தாண்டவில்லை.
அவருக்கு என்ன வேண்டும், அதைச் சொல் என்று
என்னைத்தான் கேட்டார்கள்.
நாற்பத்திரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள்.
டீயில் எத்தனை சர்க்கரை என்றால்
சொல்லியிருப்பேன்.

ஆகவே மூன்று: எரிக்கவும்.
பதிகம் ஒன்று போதும்.
அப்புறம் நெவில் ஒரு ஜெபம் சொல்லலாம்,
மைக் இல்லாமல்,
இருட்டுக்குப் பயந்த வயதில்
என்னிடம் பேசிய குரலில்.

நான்கு: வாய்க்கரிசி தோபிலே போட வேண்டும். முதலில் அவள்.
பூசாரி முகம் சுளித்தால் தட்சிணையில் ஐம்பது கூட்டு.
என் பக்கத்து மெஷின் அவளுடையது.
ஸ்ட்ரைக் நடந்த பதினேழு நாளும்
அவள் வீட்டுச் சோளமாவில் பாதி
நீங்கள் இரண்டு பேரும் தின்றதுதான்.

சாம்பலை ப்ளூ லகூனில் கரைக்க வேண்டாம்,
அங்கே பீர் பாட்டில் மிதக்கிறது.
துணிக்கொடி ஓரக் கறிவேப்பிலை மரத்தடியிலும் வேண்டாம்,
தாளிக்கும்போதெல்லாம் யோசிப்பீர்கள்.
வேறு எங்கே என்று
எனக்கும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் பூசணிக்காய் குழையக்கூடாது.

கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் முனகியது.
வெளிச்சத்தில் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது,
எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருக்கிறேன்.
சரோஷினி பதிகத்தையே
இங்கிலீஷ் எழுத்தில் பார்த்துத்தான் பாடுவாள்.
நெவிலுக்கு அதுவும் கிடையாது.

தோபிலேவுக்கு எல்லாம் தெரியும்.
பஸ் ஸ்டாப்பில், பாதி ஜூலுவில், பாதி கையசைவில்
எப்போதோ சொல்லிவிட்டேன்.
அவளை யார் கேட்கப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார்கள்.
குழம்பு ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தேன்.
"சாப்பிடும்போதா, மா" என்றாள் சரோஷினி.
நெவில் போனைப் பார்த்தான்.
நான் நிறுத்தவில்லை.
குழாய் சொன்னேன், பாலிசி சொன்னேன், இங்கிலீஷில்.
நான்காவதுக்கு வந்ததும் வார்த்தை கிடைக்கவில்லை.
தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக்
கண்ணை மூடி
என் உதட்டில் வைத்துக் காட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது யாரும் சாப்பிடவில்லை.

"தோபிலே ஆன்ட்டி நம்பர் இருக்கா, மா?"
கேட்டது நெவில்.
பில்லைத் திருப்பினேன்.
கட்டவேண்டிய தொகைக்குக் கீழே
கொஞ்சம் இடம் இருந்தது.