பார்த்தவர்: ஒருவர்

மீன் டின் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
விரலிடுக்கில் மத்தி வாடையோடு
நூலகக் கணினி முன் உட்கார்ந்தேன்.
மூன்று கடவுச்சொற்களை மறந்துபோய்
கடைசியில் நாயின் பெயரையே வைத்தேன்.

முதல் படம் ஏறியது.
கடல் செங்குத்தாக!
காமரீன்யாஸ் துறைமுகம்
சுவர்ப் பல்லிபோல் ஒட்டிக்கிடக்க
ஒரு படகும் விழவில்லை.
படத்தைத் திருப்பத் தெரியாமல்
கழுத்தைச் சாய்த்துக்கொண்டேன்.

'பார்த்தவர்: ஒருவர்.'
யாரோ ஒரு புண்ணியவான்!
நூலகம் அதிரக் கூவிவிட்டேன்.
"அது நீதான், எதெல்வினா"
பக்கத்து நாற்காலி ஃபெர்மின்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னான்.

மறுநாள் வந்து பார்த்தால்
இரண்டு.

யாரென்று அவனைக் கேட்கவில்லை.
அவன் பாட்டுக்குச் செய்தித்தாள் படித்துக்கொண்டு
ஒரு கையால்
கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.