சொட்டு

அப்போதெல்லாம் அட்டை வாங்குவேன்.
ஐந்து யூரோவுக்கு இருபத்திரண்டு நிமிடம்.
சுரண்டி, பதினான்கு எண் அழுத்தி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்:
பணம் வந்ததா, தொய்னாவுக்குக் காய்ச்சல் விட்டதா,
விறகு போதுமா.
இன்னும் ஒரு நிமிடமே என்று
இத்தாலிய மொழியில் ஒருத்தி குறுக்கே வருவாள்.
அதற்குப் பிறகுதான் வலேரியு
சொல்ல வந்ததையே தொடங்குவான்.
பாதி கேட்டிருக்கிறேன்.

இப்போது காசில்லை.
விடுதிச் சலவையறையில் வைஃபை உண்டு,
கடவுச்சொல் மேலாளரின் நாய் பெயர்.
பாதோவாவில் படுக்கைவிரிப்புகள் சுழல,
சொரோக்காவில்
ஒரு மணிநேரம் முந்திய இருட்டில்
போனை ரொட்டிக் கூடையில் சாய்த்துவிட்டு
உருளைக்கிழங்கு சீவுகிறான் அவன்.
பேச ஒன்றுமில்லை.
அதை மணிக்கணக்கில்
பேசாமலே இருக்கிறோம்.

நேற்று அவன் தூங்கிய பிறகும்
அழைப்பைத் துண்டிக்கவில்லை.
சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
நான் கிளம்பிய அன்றும் சொட்டிய அதே குழாய்.
பதினோரு வருடம்!
வாஷர் மாற்று என்று எழுதிப் போட்டேன்,
மூன்று ஆச்சரியக்குறியோடு.

இன்று மாற்றிவிட்டானாம்.
இஸ்திரி மேசைமேல் போன்.
சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கின்றன,
நிமிடங்கள் ஓடுகின்றன,
ஒரு சத்தமில்லை.
இரண்டு முறை கேட்டுவிட்டேன்,
லைனில் இருக்கிறாயா?

தூக்கத்திலிருந்து எழுந்து வந்து
இருக்கிறேன் என்றான்.
கொட்டாவி விட்டான்.
வெறுங்காலோடு நடப்பது கேட்டது.
பிறகு,
குழாயைக் கொஞ்சம்
திறந்து வைத்தான்.