கோட்டின் தடிமன்

மூன்றாம் முறையாக வந்திருக்கிறார் ஜெனேசியு,
தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைக்கிறார்,
புழுதி ஒரு வட்டம் போடுகிறது.
அதைத் துடைத்துக்கொண்டே படிவத்தை நீட்டுகிறேன்.
தேடும் பொருள்: எல்லை.
காரணம்: தண்ணீர்.

உமாரிசாலில் நாற்பத்தொரு வீடுகள்.
அது செயாராவின் ஊர் என்கிறது பியாவி அரசு.
பியாவியின் ஊர் என்கிறது செயாரா.
தேர்தல் மாதத்தில் மட்டும் இரண்டு பேருமே
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறார்கள்.
அவருடைய லாரி எந்த அரசின் ஒப்பந்தத்தில் ஓடுகிறதோ
அந்த அரசின் ஊரில்தான் குழாயைத் திறக்கலாம்.

தெரசீனாவில் எங்கள் வரைபட அறைக்கு ஏசி உண்டு.
ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
சொட்டுவதை அவர் பார்ப்பதை
நான் பார்க்காததுபோல் இழுப்பறையை இழுக்கிறேன்.

முதல் படத்தில் மலைத்தொடர்
கம்பளிப்பூச்சிபோல் ஊர்கிறது.
அடிவாரத்தில் அழகான சாய்வெழுத்து:
மனிதர் இல்லாத நிலம்.
"எங்கள் இடுகாட்டில் இதைவிடப் பழைய சிலுவை இருக்கிறது"
என்கிறார், கோபமில்லாமல்.

இரண்டாவதைக் கரையான் படித்து முடித்திருக்கிறது.
உமாரிசால் இருக்கவேண்டிய இடத்தில்
என் கையுறை தெரிகிறது.

மூன்றாவது, துணியில் ஒட்டியது.
இதில் எல்லை இருக்கிறது!
மழை இரண்டாகப் பிரிந்து இறங்கும் முகட்டோடு
ஒழுங்காகத்தான் வருகிறது,
திடீரென்று முழங்கையை மடக்கிக் கீழே இறங்கி
எதையோ சுற்றிக்கொண்டு
மறுபடி முகட்டுக்கு ஏறுகிறது.

எதைச் சுற்றியது?
பதினேழாம் பெட்டி, நாடா கட்டிய கள நோட்டு.
வாசிக்கிறேன், அளவையாளரின் கிறுக்கல்:
ஆகஸ்டு ஒன்பது. கோவேறு கழுதை நொண்டுகிறது.
முகட்டில் ஏறவில்லை. வழிகாட்டி கை நீட்டிக்
காட்டியபடி கோட்டை இட்டேன்.

வழிகாட்டியின் பெயர் எங்கும் இல்லை.
கழுதையின் பெயர் எஸ்த்ரேலா.

ஜெனேசியு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை.
பிறகு கேட்டார்:
"எந்தக் கையை நீட்டினான்?"

நோட்டில் அது இல்லை.
ஏதாவது செய்யவேண்டுமே என்று
உருப்பெருக்கியையும் அளவுகோலையும் எடுத்தேன்.
கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்.
படத்தின் அளவைப்படி அது அரைக் கிலோமீட்டர்.
"ஊர் எவ்வளவு அகலம்?"
சிற்றாலயத்திலிருந்து கடைசி ஆட்டுப்பட்டிவரை
மனதுக்குள் நடந்து பார்க்கிறார்,
உதடு எண்ணுகிறது.
"நானூறு மீட்டர். மிஞ்சினால் நானூற்று இருபது."

இருவரும் குனிந்து பார்த்தோம்.
நாற்பத்தொரு வீடும், பட்டியும், இடுகாடும்
மைக்குள் இருந்தன.

சான்றிட்ட நகல் கேட்டார், கொடுத்தேன்.
நகல் இயந்திரம் கோட்டை
இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கியிருந்தது.
முத்திரையைக் கடலோரமாகக் குத்தினேன்,
அங்கே வழக்கு ஏதும் இல்லை.

சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
வாளியைக் காட்டி,
"இதைக் கொட்டத்தானே போகிறீர்கள்?
ரேடியேட்டருக்கு ஆகும்."